அரசாங்கத்தின் கியாரண்டியும் அத்தைக்கு வராத வட்டியும்

2017 ஜூன் மாதம். புனே மாநகராட்சி கடன் பத்திரம் வெளியிட்டிருக்கிறது என்று பேப்பரில் செய்தி வந்த அன்று சாயங்காலம், விஸ்ராந்தவாடியில் இருக்கும் மாமா போன் செய்தார். சொந்த மாமா கிடையாது. எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். நான் வேலை கிடைத்து புனேவுக்கு வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அவர் வீட்டில்தான். அந்தக் கடனுக்காகவே நான் அவருக்கு ஆயுசு முழுக்க ஃபாரம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"மாப்ளே, தண்ணிக் குழாய் போடறதுக்கு கார்ப்பரேஷன் கடன் வாங்குதாமே. நம்ம வீட்டுக்கு டேங்கர்ல தண்ணி வாங்கி வாங்கி நான் ஓஞ்சு போயிட்டேன். அந்தப் பத்திரத்துல நானும் ஒரு மூணு லட்சம் போடறேன். எங்க போய் வாங்கணும்?"

அந்தப் பத்திரம் நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அதை பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் தனியாக ஏலம் விட்டிருந்தார்கள். ஒரு பத்திரமே பல லட்சம் ரூபாய். மாமாவுக்குக் கோபம். "நம்ம ஊர்த் தண்ணிக்கு நாம கடன் கொடுக்கக் கூடாதா?" என்றார். அவர் புனேவை "நம்ம ஊர்" என்று சொல்லி அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

அந்த மூன்று லட்சம் கடைசியில் வேறு ஒரு அரசாங்கப் பத்திரத்துக்குப் போனது. அதில் வந்த சிக்கல்தான் என்னை இதையெல்லாம் படிக்க வைத்தது. படித்ததை வரிசையாகச் சொல்கிறேன். கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

* * *

நம் ஊரிலிருந்து புனேவுக்கு வருகிற ரயில் பாதையே அரசாங்க கியாரண்டியில் போட்டதுதான். 1849-ல் கிழக்கிந்தியக் கம்பெனி, ஜி.ஐ.பி. ரயில்வே என்ற லண்டன் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. பங்கு வாங்கியவர்களுக்கு வருஷம் 5% நிச்சயம். ரயில் ஓடி அவ்வளவு லாபம் வராவிட்டால், குறைகிற தொகையை இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து கொடுத்துவிடுவார்கள். பாதைக்கான நிலம் இலவசம். 1858-ல் கண்டாலாவிலிருந்து புனே வரை ரயில் வந்தது. போர் காட் மலைப்பாதை முடிய 1863 ஆனது. இடைப்பட்ட காலத்தில் பயணிகளை மலையில் பல்லக்கில் தூக்கிக்கொண்டு போனார்கள். 1871-ல் பம்பாய்ப் பக்கத்துப் பாதையும் மெட்ராஸ் பக்கத்துப் பாதையும் ராய்ச்சூரில் சேர்ந்தன. ராணுவத்துக்கும் தொழிற்சாலைக்கும் வேலைக்கு வந்த தமிழர்கள் பெட்டி படுக்கையோடு அந்த வழியாகத்தான் இங்கே வந்து இறங்கினார்கள்.

பாதை வந்தது நல்ல விஷயம். ஆனால் கியாரண்டி செய்த வேலை ஒன்று இருக்கிறது. லண்டனில் பங்கு வைத்திருந்தவருக்கு செலவு கூடினாலும் 5%, குறைந்தாலும் 5%. அப்புறம் எதற்கு அவர் கணக்குக் கேட்கப் போகிறார்? 1860-களில் இங்கே நிதி அமைச்சராக இருந்த வில்லியம் மாசி என்பவர் 1872-ல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் குழுவின் முன்னால் இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். கொடுத்த பணத்தை ஹூக்ளி ஆற்றில் கொட்டினாலும் சரி, செங்கல் சுண்ணாம்பாக மாற்றினாலும் சரி, முதலீடு செய்தவருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை என்கிற அர்த்தத்தில் அவர் சாட்சி சொல்லியிருக்கிறார்.

இதே கதை மெட்ராஸ் மாகாணத்தில் தண்ணீரில் நடந்தது. ஆர்தர் காட்டன் காவிரியிலும் கோதாவரியிலும் செய்த வேலைகளைப் பார்த்து, பாசனத்தில் நல்ல லாபம் வரும் என்று லண்டனில் ஒரு நம்பிக்கை இருந்தது. 1858 வாக்கில் மெட்ராஸ் பாசனக் கம்பெனி உருவானது. மூலதனம் 10 லட்சம் பவுண்டு. அதற்கும் அரசாங்கத்தின் 5% கியாரண்டி. துங்கபத்திராவில் சுங்கேசுலா அணையிலிருந்து கர்னூல் வழியாகக் கடப்பைக்கு ஒரு பெரிய கால்வாய். நம் காலத்து பாஷையில் சொன்னால், இது அரசாங்க உத்தரவாதத்தோடு வந்த ஒரு 'பசுமை' முதலீடு.

செலவு எஸ்டிமேட்டைத் தாண்டியது. கால்வாய் வந்த பிறகு, தண்ணீர் வாங்க விவசாயிகள் நினைத்த அளவு வரவில்லை. அங்கே பெரும்பாலும் கரிசல் பூமி. மழையை நம்பிச் சோளமும் பருத்தியும் போட்டுப் பழகியவர்கள், காசு கொடுத்துத் தண்ணீர் பாய்ச்சத் தயாராக இல்லை. கால்வாயின் நீளத்தை அளந்தவர்கள் அந்த மண்ணை உழுகிறவனைக் கேட்கவில்லை. கடைசியில் 1882-ல் அரசாங்கமே கம்பெனியை வாங்கிக்கொண்டது. இவ்வளவு நடந்தும் லண்டனில் பங்கு வைத்திருந்தவருக்கு வட்டி நிற்கவில்லை. வரி கட்டிய இந்தியர்கள் அதைக் கட்டி முடித்தார்கள்.

இந்த மாதிரிக் கணக்குகளை அந்தக் காலத்தில் உட்கார்ந்து நோண்டியவர்களில் முக்கியமானவர்கள் புனேக்காரர்கள். 1870-ல் இங்கே தொடங்கிய சார்வஜனிக் சபாவைச் சுற்றி ரானடேயும் ஜி.வி. ஜோஷியும் சர்க்காரின் வரவு செலவைப் பக்கம் பக்கமாக அலசினார்கள். அவர்களிடம் பழகிய கோகலே, ஃபெர்குசன் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், 1897-ல் லண்டன் போய் வெல்பி கமிஷன் முன்னால் இந்தியாவின் செலவுகள் பற்றி சாட்சி சொன்னார். பி.காம். படித்த நாளில் இதெல்லாம் எனக்கு இரண்டு மார்க் கேள்வி. இன்று வண்டி ஓட்டிக்கொண்டு ஃபெர்குசன் கல்லூரி ரோட்டில் போகும்போது கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது.

* * *

இதுவரை சொன்னது பெரிய பணக்காரர்கள் கதை. சின்ன ஆட்களிடம் அரசாங்கம் கடன் வாங்கிய கதை தனி.

1882 ஏப்ரல் 1-ம் தேதி நாடு முழுவதும் தபால் ஆபீஸ் சேமிப்பு வங்கி வந்தது. இங்கிலாந்தில் 1861-ல் தொடங்கியதன் நகல். முதல் உலகப் போரின்போது, 1917-ல், தபால் ஆபீஸ் 'கேஷ் சர்ட்டிபிகேட்' விற்றது. சுதந்திரத்துக்குப் பிறகு தேசிய சேமிப்புப் பத்திரங்கள். 1986-ல் இந்திரா விகாஸ் பத்திரம். இதை நாற்பது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கட்டிய பணம் 5 வருஷத்தில் இரட்டிப்பு. பத்திரத்தில் வாங்கியவர் பெயரே கிடையாது. கையில் யார் வைத்திருக்கிறாரோ அவருக்குப் பணம். தொலைந்தால் போச்சு, டூப்ளிகேட் கிடையாது. கரையான் அரித்த பத்திரத்தை வைத்துக்கொண்டு அழுத குடும்பங்கள் உண்டு. 1999-ல் அதை நிறுத்தினார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பத்திரத்துக்குப் பின்னால் இருந்தது இந்திய அரசாங்கம். கியாரண்டியில் ஒரு ஓட்டை இல்லை. ஆனாலும் பணம் உரியவருக்குப் போகாமல் இருக்க ஒரு கரையான் போதும்.

பெயரில்லாத பத்திரத்துக்கு நேர் எதிர்த் திசையில் ரிசர்வ் வங்கியின் சேமிப்புப் பத்திரங்கள் வந்தன. பெயர், முகவரி, கணக்கு எண் எல்லாம் வேண்டும். 2003-ல் 8% பத்திரம். 2018 ஜனவரியில் அது நின்று 7.75% பத்திரம் வந்தது. 2020-ல் அதுவும் நின்று, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வட்டி மாறும் பத்திரம் வந்தது. தேசிய சேமிப்புப் பத்திர வட்டியை விட 0.35% கூடுதல் என்று கணக்கு. தொடக்கத்தில் 7.15%, 2023 ஜூலையில் 8.05%. வங்கிக் கவுன்ட்டரிலேயே வாங்கலாம். நம் மாமா தன்னுடைய மூன்று லட்சத்தை 2018-ல் போட்டது இந்த 7.75% பத்திரத்தில்தான். ஏழு வருஷம். அரையாண்டுக்கு ஒரு முறை 11,625 ரூபாய் வட்டி.

ஃபாரத்தை நான்தான் நிரப்பினேன். அவர் வீட்டு ஹாலில், அத்தை கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே.

* * *

மாமாவுக்குக் கிடைக்காத தண்ணீர்ப் பத்திரம் என்ன ஆனது?

நகரங்கள் பத்திரம் போட்டுக் கடன் வாங்குவது 1990-களில் திரும்ப சூடு பிடித்தது. 1997-ல் பெங்களூரு, 1998-ல் அகமதாபாத். அகமதாபாத்தின் 100 கோடி ரூபாய்ப் பத்திரத்துக்கு மாநில அரசின் கியாரண்டி கிடையாது. தன் வருமானத்தையே காட்டி வாங்கியது. தமிழ்நாடும் சளைக்கவில்லை. 2001-ல் மதுரை மாநகராட்சி உள்வட்டச் சாலைக்காக 30 கோடி. அடுத்து 2002-03-ல் தனியாகக் கடன் வாங்க முடியாத சிறிய ஊர்களை ஒன்றாகச் சேர்த்து, குடிநீர் வேலைகளுக்காக ஒரு கூட்டு நிதி மூலம் ஏறக்குறைய 30 கோடி. நம் ஊர் நகராட்சிகள் இந்தியாவுக்கே வழிகாட்டியிருக்கின்றன என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

2017 ஜூனில் புனே 200 கோடி ரூபாய் வாங்கியது. வட்டி 7.59%, தவணை 10 வருஷம். 24 மணி நேரமும் தண்ணீர் தரும் திட்டத்துக்காக, புதிய தொட்டிகள், புதிய குழாய்கள், வீட்டுக்கு வீடு மீட்டர். மொத்தம் 2,264 கோடி திரட்டுவது நோக்கம், இது முதல் தவணை. வட்டி தவறாமல் இருக்க ஒரு ஏற்பாடு செய்தார்கள். வசூலாகும் சொத்து வரி முதலில் ஒரு தனிக் கணக்குக்குப் போகும். அதில் கடன்காரர்களுக்கு ஒதுக்கிய பிறகுதான் மிச்சம் மாநகராட்சியின் கைக்கு வரும். வங்கிக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், கியாரண்டி என்று ஒரு வார்த்தை எழுதித் தருவதை விட இது உறுதியான ஏற்பாடு.

ஆனால் ஆகஸ்டிலேயே திட்டத்தின் டெண்டர் ரத்தானது. ரேட் அதிகம் என்று புகார். மறு டெண்டர் விட்டு வேலை தொடங்கும் வரை கடன் வாங்கிய பணம் வங்கி டெபாசிட்டில் கிடந்தது. 200 கோடிக்கு வருஷ வட்டி 15 கோடிக்கு மேல். பத்திரம் வெளியிட்டதற்கு ஊக்கத் தொகையாக மத்திய அரசு 26 கோடி கொடுத்ததையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் தண்ணீர் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. பத்திரம் வாங்கிய நிறுவனங்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. டேங்கருக்குப் பணம் கொடுத்துக்கொண்டே சொத்து வரியும் கட்டிய மாமாவுக்குத்தான் நஷ்டம். கர்னூல் கால்வாய் ஞாபகம் வருகிறதா?

அப்புறம் வந்தவை கொஞ்சம் மாறின. 2021-ல் காஜியாபாத் கழிவு நீரைச் சுத்திகரிக்க 150 கோடிக்குப் பசுமைப் பத்திரம் போட்டது. 2023 பிப்ரவரியில் இந்தூர் ஒரு படி மேலே போனது. நர்மதைத் தண்ணீரை நகரத்துக்கு ஏற்றுகிற மின்சாரச் செலவு தாங்காமல், ஜலூதில் 60 மெகாவாட் சூரிய மின் நிலையம் கட்ட 244 கோடி. வட்டி 8.25%. இதைப் பொதுமக்களும் வாங்கலாம், குறைந்தது 10,000 ரூபாய் இருந்தால் போதும். மாமா 2017-ல் கேட்டது இதுதான்! 2025-ல் சென்னை மாநகராட்சி மழைநீர் வடிகாலுக்காக 200 கோடிக்கு மேல் திரட்டியது. அதே வருஷம் ஜூனில் நம் பக்கத்து பிம்ப்ரி சின்ச்வட் மாநகராட்சி 7.85% வட்டியில் 200 கோடிக்குப் பசுமைப் பத்திரம் வெளியிட்டது.

* * *

'பசுமைப் பத்திரம்' என்ற பெயரே புதிது. உலக வங்கி தன் முதல் பசுமைப் பத்திரத்தை 2008 நவம்பரில் ஸ்வீடன் நாட்டுப் பென்ஷன் நிதிகளுக்காகப் போட்டது. ஒரு நாட்டின் அரசாங்கமே வெளியிட்டதில் முதலிடம் போலந்துக்கு, 2016 டிசம்பர். லண்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு இன்னொன்று தெரிந்திருக்கும். 1861-ல் தொடங்கிய அந்தத் தபால் சேமிப்பு வங்கியின் வாரிசான நிறுவனம், 2021 அக்டோபரில் சாதாரணக் குடும்பங்களுக்கென்றே பசுமை சேமிப்புப் பத்திரம் விற்றது. 3 வருஷம், 100 பவுண்டிலிருந்து வாங்கலாம். வட்டி 0.65%. எல்லோரும் சிரித்தார்கள். 2023-ல் அதையே 5.7% வரை ஏற்ற வேண்டி வந்தது. பூமியைக் காப்பாற்றுகிற ஆசை எல்லோருக்கும் உண்டு, ஆனால் வட்டி விகிதத்தைப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை :-)

இந்திய அரசு 2022 நவம்பரில் இதற்கான விதிமுறையை வெளியிட்டது. 2023 ஜனவரி 25-ல் முதல் ஏலம். 8,000 கோடி. ஐந்து வருஷப் பத்திரத்துக்கு 7.10%, பத்து வருஷத்துக்கு 7.29%. அதே நாளில் சாதாரண அரசுப் பத்திரம் தந்ததை விட இது ஒரு துளி குறைவு. பிப்ரவரியில் இன்னொரு 8,000 கோடி.

அந்த விதிமுறையில் ஒரு வாசகத்தைப் படித்தபோது எனக்கு மாசியின் ஹூக்ளி ஆறு ஞாபகம் வந்தது. திட்டம் எப்படிப் போனாலும் அசலும் வட்டியும் அதைப் பொறுத்தது அல்ல, திட்டத்தின் ரிஸ்க் முதலீட்டாளருக்குக் கிடையாது என்பது அதன் சாரம். நமக்கு இது நல்லதுதான். காற்றாலை சுற்றாவிட்டாலும் வட்டி வரும். 1858-க்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இப்போது பணம் எந்தத் திட்டங்களுக்குப் போனது என்று அரசாங்கம் அறிக்கை தர வேண்டும். ரானடேயும் ஜோஷியும் தேடித் தேடி எடுத்த கணக்கு, இன்று கேட்டால் கிடைக்கும். கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பத்திரத்தை நாமே வாங்க ஒரு வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 'ரீடெய்ல் டைரக்ட்' கணக்கு, 2021 நவம்பர் 12-ல் தொடங்கியது. குறைந்தது 10,000 ரூபாய். வெளிநாடு வாழ் இந்தியர்களும் திறக்கலாம். மேலே சொன்ன மாமாவின் வகைச் சேமிப்புப் பத்திரத்தை அவர்கள் வாங்க முடியாது, பசுமைப் பத்திரத்தை வாங்க முடியும். ஆனால் பாதியில் விற்க நினைத்தால் சந்தையில் வாங்க ஆள் கிடைப்பது கடினம். தவணை வரை வைத்திருக்கும் பணத்தைத்தான் இதில் போட வேண்டும்.

* * *

இப்போது அத்தை கதைக்கு வருகிறேன்.

மாமா 2022 ஜனவரியில் தவறிவிட்டார். சில மாதம் கழித்து பீரோவில் சேலைகளுக்கு அடியில் பத்திரச் சான்று கிடைத்தது என்று அத்தை கூப்பிட்டார். பாஸ்புக்கைப் பார்த்தால் 2021 ஆகஸ்ட் வட்டியே வரவில்லை. மாமா இருக்கும்போதே நின்றுவிட்டது. பென்ஷன் வேறு வங்கிக்கு வந்ததால் அவர் கவனிக்கவில்லை, அல்லது கொரோனாவால் தாமதம் என்று நினைத்திருப்பார்.

காரணம் சிறியது. 2020 ஏப்ரல் 1-ல் பத்து அரசு வங்கிகள் நான்காக இணைந்தன. வட்டி போய்ச் சேர வேண்டிய கணக்கு அப்படி இணைந்த ஒரு வங்கியில். இணைப்புக்குப் பிறகு கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறி, பழைய எண் கொஞ்ச காலம் ஓடி, 2021-ல் செத்துப் போனது. பத்திரம் விற்ற இடத்தில் பழைய எண்ணே இருந்தது. அனுப்பிய பணம் ஒவ்வொரு முறையும் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது. அரசாங்கம் ஏமாற்றவில்லை. பணம் பத்திரமாக இருந்தது. அத்தையிடம் மட்டும் இல்லை.

சரி, எண்ணை மாற்றினால் முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் என் தப்பு வெளியே வந்தது. நாமினி கட்டம் காலி. 2018-ல் மாமா, "யார் பேரைப் போடறது, மகள் பேரா, மகன் பேரா, இல்ல உங்க அத்தை பேரா, பேசிட்டுச் சொல்றேன்" என்றார். நானும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வங்கியில் எத்தனையோ பேருக்குப் படித்துப் படித்துச் சொல்கிற விஷயம்.

நாமினி இல்லையென்றால் வாரிசு என்று நிரூபிக்க வேண்டும். நம் ஊரில் தாசில்தார் ஆபீசில் வாரிசுச் சான்று தருவார்கள். அங்கே கேட்டால், அவர் குடியிருந்ததும் இறந்ததும் புனேயில், அங்கே வாங்குங்கள் என்றார்கள். மகாராஷ்டிராவில் அதை சிவில் கோர்ட் கொடுக்கிறது. எந்த விதிப்படி தெரியுமா? 1827-ம் வருஷத்து பம்பாய் ஒழுங்குமுறை எண் 8! ரயில் கியாரண்டியை விடப் பழசு.

கோர்ட்டுக்குப் போனால் பெயர்ப் பிரச்னை. புலம் பெயர்ந்த தமிழர்கள் எல்லோருக்கும் இது ஒரு நாள் வரும், அதனால் விளக்கிவிடுகிறேன். முருகேசன் மகன் செந்தில் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்ச் சான்றிதழில் அவர் 'மு. செந்தில்'. பான் கார்டில் இனிஷியலை விரித்து 'செந்தில் முருகேசன்'. மராட்டியத்தில் குடும்பப் பெயர், தன் பெயர், அப்பா பெயர் என்று மூன்று கட்டம். குடும்பப் பெயர் நமக்கு ஏது? கவுன்ட்டரில் இருப்பவர் தானே நிரப்பி 'முருகேசன் செந்தில் முருகேசன்' ஆக்கிவிடுவார். இந்த மூன்று பேரும் ஒருவரே என்று செந்தில் உயிரோடு இருக்கும்போது சொன்னால் ஒரு கையெழுத்தில் முடியும். செத்த பிறகு அதை அவர் மனைவி நிரூபிக்க வேண்டும். அந்த மனைவியின் பெயரும் மூன்று விதமாக இருக்கும்.

அத்தை எழுபது வயதில் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் என்னிடம், "அவரு அரசாங்கம்னா பயமில்லைன்னு சொல்லித்தானே போட்டாரு?" என்று கேட்டார். கோபமாக இல்லை, சும்மா கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்க மகனிடம் கேட்கக் கூச்சப்பட்டு, நகையில் ஒரு வளையலை வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது.

2023 செப்டம்பரில் பணம் வந்தது. ஐந்து அரையாண்டு வட்டி, 58,125 ரூபாய். தாமதத்துக்கு வட்டி கிடையாது. 2025-ல் அசல் மூன்று லட்சமும் ஒரு பைசா குறையாமல் வந்தது. கியாரண்டி பொய்க்கவில்லை.

* * *

பழைய கதையையும் இந்தக் கதையையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான். அரசாங்க கியாரண்டி என்பது, நான் கொடுக்காமல் இருக்க மாட்டேன் என்ற ஒரே ஒரு வாக்கு. கால்வாயில் தண்ணீர் ஓடும் என்று அது சொல்வதில்லை. உன்னைத் தேடி வந்து கொடுப்பேன் என்றும் சொல்வதில்லை. முதலாவதை ஊராகச் சேர்ந்து கேட்க வேண்டும், இரண்டாவதை வீட்டில் உட்கார்ந்து நாமே சரி பார்க்க வேண்டும்.

வீட்டு வேலையை மட்டும் கீழே எழுதுகிறேன். பசுமைப் பத்திரமோ, பழைய சேமிப்புப் பத்திரமோ, எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

1. பான், ஆதார், வங்கிக் கணக்கு, பத்திரம் நான்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இனிஷியலை எப்படி விரிப்பது என்று குடும்பமாக ஒரு முடிவெடுத்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிலிருந்தே அதைப் பின்பற்றுங்கள்.

2. நாமினி கட்டத்தை நிரப்பாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றால், பேசிவிட்டு வந்து வாங்குங்கள்.

3. வட்டி வரும் தேதிகளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 2023 ஜனவரியில் வந்த பசுமைப் பத்திரங்களுக்கு ஜனவரி 27, ஜூலை 27. ஒரு வாரம் தாண்டியும் வரவில்லை என்றால் உடனே எழுதிக் கேளுங்கள். அடுத்த அரையாண்டு வரை காத்திருக்காதீர்கள்.

4. வங்கி இணைந்தாலும், கிளை மாறினாலும், கணக்கை மூடினாலும், பத்திரம் வாங்கிய இடத்தில் நீங்களே போய் புது எண்ணைக் கொடுங்கள். மின்னணுப் பரிமாற்றம் எண்ணைப் பார்த்துத்தான் போகிறது.

5. ஏலத்துக்குக் கட்டிய தொகையை விட ஒதுக்கீட்டு விலை குறைவாக இருந்தால் மிச்சம் திரும்ப வரும். பயப்பட வேண்டாம். யு.பி.ஐ.-யில் வியாபாரிக்குக் கட்டிய பணம் கழிந்தும் அவருக்கு உறுதியாகவில்லை என்றால், 5 நாளில் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவு அது. அவசரப்பட்டு இரண்டாம் முறை கட்டாதீர்கள், முதலில் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

6. வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது.

7. என்னென்ன பத்திரம் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, மனைவிக்கோ கணவருக்கோ காட்டி வையுங்கள். சேலைக்கு அடியில் வைத்தாலும் பரவாயில்லை, எந்தச் சேலை என்று சொல்லி வையுங்கள்.

அசல் கைக்கு வந்த அன்று அத்தை என்னைக் கூப்பிட்டார். "இதை எதுலயாவது போடணும். அவரு தண்ணிப் பத்திரம்னு ஒண்ணு சொல்லிக்கிட்டே இருப்பாரே, அது இப்ப நமக்குக் கிடைக்குமா?" என்றார். ஒரு ஃபாரத்தை எடுத்துக்கொண்டு போனேன். காபி வந்தது. இந்த முறை நாமினி கட்டத்தைத்தான் முதலில் நிரப்பினோம்.

டிஸ்கி: இதை வாங்குங்கள், அதை வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வட்டி விகிதங்கள் மாறிக்கொண்டே இருப்பவை, வாங்கும் அன்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்று ராத்திரி பீரோவைத் திறந்து நாமினி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.